உங்கள் நிறுவனமாம், எந்த நிறுவனம்?

விண்டோஸ் செட்டிங்ஸில் ஏதோ ஒன்றை மாற்றப் போகிறீர்கள். பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது, அமுக்கினால் அசையவில்லை. மேலே சிறிய எழுத்தில் ஒரு வரி: இந்த அமைப்புகளில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது. வீட்டு மேசையில், சொந்தக் காசில் வாங்கி வைத்த கம்ப்யூட்டர். இதில் நிறுவனம் எங்கிருந்து முளைத்தது? இந்த வரியைப் பார்த்து, யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று பதறி எனக்குப் போன் போட்டவர்கள் உண்டு. நிறுவனமே இல்லாத ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு இது பெரிய அவமானமாகவே பட்டது.

உண்மையில் விண்டோஸுக்கு எந்த நிறுவனத்தையும் தெரியாது. தன் அமைப்புகளை அது பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் 'பாலிசிஸ்' என்ற பெயரில் சில கிளைகள் உண்டு. செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்போது அங்கே தனக்குச் சம்பந்தமான பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பொத்தானைப் பூட்டிவிட்டு அந்த வரியைக் காட்டும். அந்தப் பதிவை யார் எழுதியது என்பது அதற்கு அக்கறை இல்லாத விஷயம். ஒரு கம்பெனியின் சர்வர் எழுதியிருக்கலாம். ஆன்டிவைரஸ் எழுதியிருக்கலாம். 'விண்டோஸை வேகமாக்குங்கள்' என்று யூடியூப்பில் ஒருவர் கொடுத்த ஸ்கிரிப்ட் எழுதியிருக்கலாம். போன வருடம் நீங்களே எழுதிவிட்டு மறந்தும் போயிருக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் மாமா. அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பிரிண்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் நடக்கும். கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று, ஏதோ கம்பெனி கழித்துக் கட்டிய பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். நல்ல பெட்டிதான். எஸ்எஸ்டி இருக்கிறது, விண்டோஸ் 11 ப்ரோ இருக்கிறது. ஆனால் ஆன் செய்தவுடன், லாகின் திரைக்கு முன்னால், இந்தக் கணினி இன்ன கம்பெனிக்குச் சொந்தமானது, அனுமதி இல்லாதவர் பயன்படுத்தினால் சட்டப்படி நடவடிக்கை என்று ஒரு எச்சரிக்கை வந்து நிற்கிறது.

"மாப்ள, காசு குடுத்தது நான். இது கம்பெனிக்காரன் பெட்டியா, என் பெட்டியா?"

"உங்க பெட்டிதான் மாமா. பழைய ஓனர் போட்ட உத்தரவெல்லாம் இன்னும் உள்ள கெடக்கு, அவ்வளவுதான்."

"அப்ப எல்லாத்தையும் அழிச்சிரு. புதுசு மாதிரி ஆக்கிரு."

எல்லாரும் கேட்பது இதைத்தான். இணையத்தில் தேடினால் இதற்கு ஏழெட்டு கமாண்ட் வரி கிடைக்கும். காப்பி பண்ணி ஒட்டினால் முடிந்தது என்பார்கள். அதில் பாதி வேலை செய்யும். மீதிப் பாதி, இல்லாத தலைவலியை இழுத்துவிடும். ஏன் என்று புரிய, பாலிசி என்பது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

விண்டோஸ் 95, அதையடுத்து 1996-இல் வந்த என்டி 4.0 காலத்தில் 'சிஸ்டம் பாலிசி எடிட்டர்' என்று ஒரு கருவி இருந்தது. அதில் ஒரு தடை போட்டால் அது ரெஜிஸ்ட்ரியின் சாதாரண இடங்களிலேயே மதிப்பை மாற்றி எழுதிவிடும். பிறகு பாலிசி ஃபைலையே தூக்கிக் கடாசினாலும், எழுதியது எழுதியதுதான். பச்சை குத்தின மாதிரி என்று அன்றைய அட்மின்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். விண்டோஸ் 2000-உடன் குரூப் பாலிசி வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதைத்தான் சரிசெய்தது. பாலிசிக்கென்று தனிக் கிளைகள் ஒதுக்கப்பட்டன. சாதாரண யூசர் அங்கே கை வைக்க முடியாது. உத்தரவை எடுத்துவிட்டால் அந்தக் கிளையில் இருந்த பதிவும் அகற்றப்படும். அடியில் உங்கள் பழைய அமைப்பு தொடப்படாமல் அப்படியே இருக்கும். மேலே இருந்த மூடி போனதும் அது வெளியே தெரியும்.

ஆக, இந்த வகைப் பாலிசிகளுக்கு 'இயல்பு மதிப்பு' என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. உத்தரவு இல்லாத நிலைதான் இயல்பு நிலை. ஊரடங்கு உத்தரவை விலக்கிக்கொண்டால் ஊர் தானாக நடமாடத் தொடங்கும். எல்லோரும் கட்டாயம் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும் என்று இன்னொரு உத்தரவு போட்டால் அது வேறு கூத்தாகிவிடும்.

அந்தக் கூத்தைத்தான் பலர் செய்கிறார்கள். குரூப் பாலிசி எடிட்டரில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று நிலைகள்: நாட் கான்ஃபிகர்டு, எனேபிள்டு, டிஸேபிள்டு. தொல்லை கொடுக்கும் ஒரு பாலிசி எனேபிள்டில் இருக்கிறது என்றால், கை நேராக டிஸேபிள்டுக்குப் போகிறது. அது இயல்பு நிலை இல்லை, எதிர் உத்தரவு. நல்ல உதாரணம், டிஃபெண்டர் ஆன்டிவைரஸை அணைக்கும் பாலிசி. அதை நாட் கான்ஃபிகர்டாக விட்டால், நீங்கள் வேறு ஆன்டிவைரஸ் போடும்போது டிஃபெண்டர் நாகரிகமாக ஒதுங்கிக்கொள்ளும். டிஸேபிள்டு என்று வைத்தாலோ, வேறு எது இருந்தாலும் நான் ஓடியே தீருவேன் என்று பொருள். அந்தப் பாலிசிக்குக் கீழே இருக்கும் விளக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? போதாக்குறைக்குப் பாதிப் பாலிசிகளின் பெயரே 'இன்னதை அணை' என்று எதிர்மறையாகத் தொடங்கும். அணைப்பதை டிஸேபிள் செய்தால் அணையுமா எரியுமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதற்குப் பதில், முதல் நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவது உத்தமம்.

எடிட்டரைத் திறக்க ரன் பெட்டியில் ஜிபிஎடிட் என்று தட்டி, புள்ளி வைத்து, எம்எஸ்சி சேர்க்க வேண்டும். ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் இது இருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், அதன் அடியில் 'ஆல் செட்டிங்ஸ்'. ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். பயப்பட வேண்டாம். 'ஸ்டேட்' என்ற தலைப்பை ஒரு தட்டு தட்டினால் மாற்றப்பட்டவை எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடும். யூசர் கான்ஃபிகரேஷனிலும் இதையே செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு, சரியாகவில்லையே என்று புலம்புகிறவர்கள் அதிகம்.

மாமாவின் பெட்டியில் இப்படிப் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. எல்லா வரியும் நாட் கான்ஃபிகர்டு. ஆனால் விண்டோஸ் அப்டேட் மட்டும் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிறது. நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற அறிவிப்பும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

அனுபவசாலிகளே தடுமாறுகிற இடம் இது. ஜிபிஎடிட் காட்டுவது ரெஜிஸ்ட்ரியின் நிலவரத்தை இல்லை. அது தன் சொந்த ஃபைலைப் படித்துக் காட்டுகிறது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் குரூப்பாலிசி என்று ஒளிந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் மெஷின், யூசர் என்று இரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் ரெஜிஸ்ட்ரி என்ற பெயரில், பிஓஎல் என்ற வாலோடு ஒரு ஃபைல். எடிட்டரில் நீங்கள் மாற்றுவது இந்த ஃபைலில் ஏறும், அங்கிருந்து ரெஜிஸ்ட்ரிக்கு இறங்கும். வேறு யாராவது இந்த ஃபைலைத் தொடாமல் நேரே ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிட்டால், எடிட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஸ்கிரிப்ட்கள் அப்படித்தான் எழுதும். வைரஸ்களும் அப்படித்தான். கம்பெனி டொமைனிலிருந்து, அதாவது எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே சர்வரிலிருந்து ஆளும் ஏற்பாட்டிலிருந்து, வந்த உத்தரவுகளும், பெட்டியை ஒழுங்காக விடுவிக்காமல் விற்றுவிட்டால், ரெஜிஸ்ட்ரியில் அநாதையாகத் தங்கிவிடலாம்.

மாமாவின் பெட்டியில் நடந்தது கடைசியாகச் சொன்னது. ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் அப்டேட் என்று இறங்கிப் போய்ப் பார்த்தால் 'டபிள்யூயு சர்வர்' என்று ஒரு பதிவு. எதிரே அந்தக் கம்பெனியின் உள் சர்வர் முகவரி. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக மைக்ரோசாஃப்டிடம் அப்டேட் வாங்காது. உள்ளே ஒரு சர்வர் வாங்கி வைத்து எல்லாருக்கும் பரிமாறும். மாமாவின் பெட்டி இன்னமும் தினசரி அந்தப் பழைய கம்பெனி வாசலில் போய் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் எப்படி வரும்? விண்ணப்பம் போட வருகிறவர்களின் ஆதார் நகல் எல்லாம் ஸ்கேன் ஆகிற பெட்டி அது. மற்றத் தடைகள் எரிச்சலோடு போய்விடும், இது ஆபத்து. பழைய கம்பெனிப் பெட்டி வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கிளையைத்தான் என்பேன்.

இதை எடுக்க அழகான ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எடிட்டரில் அதே பாலிசியை, அதாவது உள் நெட்வொர்க்கில் இருக்கும் அப்டேட் சர்வரைக் குறிப்பிடும் வரியை, ஒருமுறை எனேபிள்டு ஆக்கி ஏதாவது முகவரி கொடுத்து அப்ளை செய்யுங்கள். இப்போது அது எடிட்டரின் கணக்கில் ஏறிவிட்டது. உடனே நாட் கான்ஃபிகர்டுக்குத் திருப்புங்கள். தன் கணக்கில் இருந்து வெளியேறும் பதிவை ரெஜிஸ்ட்ரியிலிருந்து துடைப்பது அதன் கடமை. அநாதைப் பதிவும் அதோடு போய்விடும். டாஸ்க் மேனேஜர் பூட்டிக் கிடக்கும் கம்ப்யூட்டரிலும் இதே வித்தை பலிக்கும்.

டாஸ்க் மேனேஜர் என்றதும் பிரவுசிங் சென்டர் காலம் நினைவுக்கு வருகிறது. பென் டிரைவில் வைரஸ் வாங்கி வராதவர் யார் அன்று? 2005-இல் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய புரோன்டாக் என்ற புழு, ரெஜிஸ்ட்ரி எடிட்டரைப் பூட்டி, ஃபோல்டர் ஆப்ஷன்ஸை மெனுவிலிருந்தே மறைத்துவிடும். திறக்கப் போனால், உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதைத் தடை செய்திருக்கிறார் என்று அறிவிப்பு வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அட்மின்களுக்காகச் செய்து வைத்த அதே பூட்டைத்தான் புழுவும் பயன்படுத்தியது. ஆன்டிவைரஸ் புழுவைக் கொன்றாலும் பூட்டைத் திறக்காது, ஏனென்றால் பூட்டு ஒரு சாதாரண, சட்டபூர்வமான பதிவு. 'வைரஸ் போயிருச்சு, ஆனா சிஸ்டம் பழையபடி ஆகல' என்று அன்று ஊரெல்லாம் ஃபார்மட் அடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, எடிட்டரிலேயே நிறைய மாறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றாகத் திருப்பப் பொறுமை இல்லை என்றால்? அப்போது அந்தக் குரூப்பாலிசி ஃபோல்டரை, பக்கத்தில் குரூப்பாலிசியூசர்ஸ் என்று இருந்தால் அதையும், வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் என்ற ஒட்டோடு ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யலாம். அழிக்கச் சொல்வார்கள், நகர்த்தி வைப்பது என் பழக்கம். சில சமயம் அந்த பிஓஎல் ஃபைல் கெட்டுப்போய், எந்தப் பாலிசியும் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். ஈவென்ட் வியூவரில் 1096 என்ற எண்ணில் பிழை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், ஃபைலை நகர்த்திவிடுங்கள். விண்டோஸ் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளும்.

ஹோம் பதிப்புக்காரர்களுக்கு எடிட்டரே கிடையாது. நேரே ரெஜிஸ்ட்ரிதான். அதற்கென்று பாலிசிஸ் என்ற பெயர் கண்ட கிளையை எல்லாம் வேரோடு வெட்டச் சொல்லும் கமாண்ட்களை ஓட்டாதீர்கள். கரன்ட்வெர்ஷன் அடியில் இருக்கும் பாலிசிஸ் கிளையில், சிஸ்டம் என்ற உட்பிரிவில், புத்தம் புது விண்டோஸிலேயே பல மதிப்புகள் இருக்கும். மென்பொருள் நிறுவும்போது திரையை மங்கவைத்து 'அனுமதிக்கவா?' என்று கேட்குமே, அந்த யுஏசியின் மதிப்புகள் குடியிருப்பது அங்கேதான். இதைத் துடைத்துவிட்டு இயல்பு நிலைக்கு வந்துவிட்டோம் என்று நினைப்பவர், புது விண்டோஸ் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு நிலைக்குப் போயிருக்கிறார். முதலில் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குறிப்பிட்ட அந்த ஒரு பதிவை மட்டும் எடுங்கள்.

மாமாவின் லாகின் எச்சரிக்கைப் பலகையும் அதே சிஸ்டம் பிரிவில்தான் இருந்தது. அதை எடுக்க செக்பால் என்ற லோக்கல் செக்யூரிட்டி பாலிசி கருவிக்குப் போனேன். அங்கே ஆட்டமே வேறு.

இதுவரை சொன்ன நாட் கான்ஃபிகர்டு தத்துவம் செக்யூரிட்டி பாலிசிக்குப் பொருந்தாது. பாஸ்வேர்டு எத்தனை எழுத்து, எத்தனை நாளில் காலாவதி, யார் நேரடியாக லாகின் செய்யலாம், யார் கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்பதற்கெல்லாம் ஏதோ ஒரு மதிப்பு இருந்தே ஆக வேண்டும். உத்தரவை வாபஸ் வாங்கினாலும் கடைசியாக எழுதிய மதிப்பு அப்படியே நிற்கும். டொமைனை விட்டு வெளியே வந்த பெட்டியில் கம்பெனியின் பாஸ்வேர்டு விதிகள் தங்கிவிடுவது இதனால்தான். மாமா வைத்த பாஸ்வேர்டை அது திரும்பத் திரும்ப நிராகரித்தது. அத்தை பெயரும் கடை ஆரம்பித்த வருடமும் சேர்ந்த அந்த பாஸ்வேர்டை நானும் நிராகரித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

இங்கேதான் இணையத்தின் செல்லப் பிள்ளையான கமாண்ட் வருகிறது. செக்எடிட் என்ற கருவிக்கு டெஃப்ல்ட்பேஸ் என்ற ஐஎன்எஃப் ஃபைலைக் கொடுத்து ஓட்டுவது. எக்ஸ்பி காலத்தில் இதற்கு இணையாக 'செட்டப் செக்யூரிட்டி' என்று ஒரு வார்ப்புரு இருந்தது. விண்டோஸ் நிறுவப்பட்ட அன்றைய நிலையை ஓரளவு அது பதிந்து வைத்திருக்கும். விஸ்டாவிலிருந்து வரும் டெஃப்ல்ட்பேஸ் பொதுவான ஒரு அடிப்படை மட்டுமே. எல்லா இயல்பு நிலைகளையும் அது மீட்டுத் தராது என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் பின்னால் நிறுவிய மென்பொருள்கள் தங்கள் சர்வீஸ்களுக்காக வாங்கி வைத்த உரிமைகளை அது கலைத்துவிடவும் கூடும். பாஸ்வேர்டு நீளம் ஒன்று உறுத்துகிறது என்பதற்காக இதை ஓட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. செக்பாலில் போய் உறுத்தும் வரியை மட்டும் திருத்துங்கள்.

எந்த மதிப்புக்குத் திருத்துவது என்றால், ஒவ்வொரு பாலிசியின் 'எக்ஸ்ப்ளெய்ன்' பக்கத்திலும் இயல்பு மதிப்பு பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். டொமைனில் சேராத விண்டோஸில் பாஸ்வேர்டு நீளத்துக்குக் கீழ்வரம்பு 0, ஆயுள் 42 நாள். ஆனால் அந்த இயல்பே காலத்துக்குக் காலம் மாறுகிறது. தப்பான பாஸ்வேர்டுகளை எத்தனை முறை போட்டாலும் கணக்கு பூட்டிக்கொள்ளாது என்பது நெடுங்கால வழக்கம். 2022-இல் வந்த விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டரில் 10 முறை தப்பாகப் போட்டால் 10 நிமிடம் பூட்டு. பழைய வழக்கம்தான் இயல்பு என்று இதை 0 ஆக்கி வைப்பவர், திறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். மாமா கடையில் 10 அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற இதே வரி பிரவுசர் பக்கமும் வரும். குரோமில் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று அடித்தால் எந்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று பட்டியல் தெரியும். எட்ஜிலும் அப்படியே. முன்பின் தெரியாத எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்லும் வரி அதில் இருந்தால், ஏதோ ஆட்வேர் வேலை. முதலில் அதை ஒழித்துவிட்டுப் பதிவை நீக்குங்கள். வரிசை மாறினால் திரும்ப எழுதிவிடும்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் இதையெல்லாம் முயலாதீர்கள். தர்மோபதேசம் இல்லை, வீண் வேலை என்பதால் சொல்கிறேன். டொமைனில் இருக்கும் கம்ப்யூட்டர் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் அரை மணி வரை கூடுதலாக, சர்வரிடம் உத்தரவுகளைப் புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் துடைத்தது எப்போது வேண்டுமானாலும் திரும்ப எழுதப்பட்டுவிடலாம்.

பழைய பெட்டி வாங்குவோர் கடையிலேயே பார்க்க வேண்டியது இன்னொன்று. சில கம்பெனிகள் பெட்டியின் வன்பொருள் அடையாளத்தையே மைக்ரோசாஃப்டிடம் தங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கும்; ஆட்டோபைலட் என்று பெயர். விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும், இணையத்தோடு சேர்ந்ததும் அந்தக் கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். இது உள்ளே கிடக்கும் பதிவு இல்லை, வெளியே இருக்கும் பதிவு. எந்தக் கமாண்டும் செல்லாது, விற்ற கம்பெனி தன் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் உண்டு. ஆகவே ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, கம்பெனிப் பெயர் வராததைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மாமா பார்க்கவில்லை. அதிர்ஷ்டத்துக்கு அவர் பெட்டியில் அது இல்லை.

இவ்வளவு தெரிந்தும் நேரடியாக ரீசெட் அடிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயம். புதிதாக வாங்கிய அன்றே என்றால் அதுதான் சரி. கோப்புகள் வேண்டாம் என்று மொத்தமாக ரீசெட் செய்துவிடுவேன். ஆனால் மாமா என்னைக் கூப்பிடுவதற்குள் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, அதன் டிரைவர் என்று சர்வீஸ்காரர் வந்து எல்லாம் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கைரேகைக் கருவியின் டிரைவரை மறுபடி நிறுவும் பாக்கியத்தை என் எதிரிக்கும் தர மாட்டேன்.

எல்லாம் முடிந்து அப்டேட் இறங்கத் தொடங்கியதும் மாமா அடுத்த விண்ணப்பத்தைப் போட்டார்.

"மாப்ள, கஸ்டமர் உக்காந்தா டி டிரைவ் தெரியக் கூடாது. அங்கதான் எல்லார் ஸ்கேனும் இருக்கு. அதுக்கும் பாலிசி இருக்குன்னியே?"

"இருக்கு மாமா. ஆனா உங்களுக்கும் சேர்த்து மறைஞ்சிரும். கஸ்டமருக்குன்னு தனி அக்கவுன்ட் போடுவோம்."

விஸ்டா முதல் லோக்கல் பாலிசியை ஆளுக்கேற்ப பிரிக்கலாம். எம்எம்சி என்று தட்டி, குரூப் பாலிசி எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் பொத்தானில் யூசர்ஸ் பக்கம் போனால் 'நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் போடும் உத்தரவு அட்மின் அல்லாதவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பிரிவில் டிரைவை மறைக்கும் வரியில் டி மட்டும் என்று தேர்ந்தெடுத்தோம். மறைப்பதும் பூட்டுவதும் ஒன்றில்லை; வேறு புரோகிராம்கள் வழியாக டிரைவுக்குள் போகலாம் என்று அந்தப் பாலிசியின் விளக்கத்திலேயே இருக்கிறது. அதனால் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கம் போய், கஸ்டமர் அக்கவுன்ட்டுக்கு அனுமதியையும் எடுத்துவிட்டோம்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் ஸ்கேனர் மென்பொருள் மக்கர் செய்தது. கஸ்டமர் அக்கவுன்ட்டில் ஓடும்போதும் டி டிரைவில்தான் சேமிப்பேன் என்று நின்றது. அதன் செட்டிங்ஸைத் தேடிப் பிடித்து, சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்று கொடுத்து, ஒவ்வொரு நாளும் கடை அடைக்கும்போது அதைக் காலி பண்ண வேண்டும் என்று மானிட்டர் ஓரத்தில் மாமா கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.